குருதிக்குள் நுழையும் பங்கசு: நாம் மூடக்கூடிய கதவுகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், சங்க உறுப்பினரான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம், "உங்கள் துறையிலிருந்து எங்களுக்குப் பயன்படும் ஒன்றைப் பேசுங்கள்" என்று கேட்டார்கள். நீரிழிவைப் பற்றியோ குருதி அமுக்கத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றி, அதாவது நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் குருதியில் பங்கசு நுழைவதைப் பற்றி, இன்று பேச விரும்புகிறேன். பழைய மாணவிகளிடமிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளே இதற்குக் காரணம்.

"அக்கா, அம்மாவுக்குக் கென்சர் மருந்து ஏத்திக்கிட்டு இருக்காங்க. இப்ப ரத்தத்துல பங்கஸ் வந்துருச்சாம். வீட்டுச் செவத்துல இருந்த பூஞ்சணம்தான் காரணமா? நாங்க குடுத்த சாப்பாடா?" இப்படித்தான் கேட்கிறார்கள். நோயைப் பற்றிய கேள்வியைவிடத் தங்களைப் பற்றிய குற்ற உணர்வுதான் அந்தக் குரலில் அதிகம். அந்தக் குற்ற உணர்வில் பெரும்பகுதி தேவையற்றது. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய இடங்கள் வேறு சில இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் சில உயிர்களையாவது காப்பாற்றலாம்.

பங்கசு நமக்குப் புதியதல்ல. எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் ஈரப் பாண் துண்டை மூடிவைத்துப் பூஞ்சணம் வளர்த்துப் பார்த்தது நினைவிருக்கும். மாரி மழை பிடித்துக்கொண்டால் முற்றத்தில் காயவைத்த மிளகு பூத்துப்போகும். ஆப்ப மாவைப் பொங்க வைப்பதும், கள்ளைப் புளிக்க வைப்பதும், கொக்கோ விதையைப் பதப்படுத்த உதவுவதும் மதுவம் என்ற பங்கசு இனந்தான். இப்படி நாள்தோறும் பங்கசுகளோடுதான் வாழ்கிறோம். ஆனாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. பெரும்பாலான பங்கசுகளுக்கு நம் உடலின் 37 பாகை வெப்பம் ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொள்ளும் ஒரு சிலவற்றையும் நம் வெண்குருதிக் கலங்கள் பிடித்து விழுங்கிவிடுகின்றன.

குருதியில் கலக்கும் பங்கசுகளில் முதலிடம் கன்டிடா என்ற மதுவத்துக்குத்தான். அது பெரும்பாலும் சுவரிலிருந்தோ சோற்றுப் பானையிலிருந்தோ வருவதில்லை. நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் தோலிலும் அது ஏற்கனவே குடியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போல எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். கதவு திறந்து கிடந்தால் மட்டுமே உள்ளே வரும். அந்தக் கதவுகள் மூன்று.

முதலாவது தோல். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றவும், சிறுநீரக நோயாளிக்குக் குருதி சுத்திகரிக்கவும், சாப்பிட முடியாதவருக்கு நாளத்தின் வழியாகப் போசணை கொடுக்கவும், கழுத்திலோ மார்பிலோ தொடையிலோ உள்ள பெரிய நாளத்தில் ஒரு குழாய் வைக்கிறோம். அந்தக் குழாய் பல உயிர்களைக் காப்பாற்றுகிறது. அதே நேரம் வெளியிலிருந்து குருதிக்குள் நேராகச் செல்லும் பாதையாகவும் இருக்கிறது. நமது மாவட்டத்தில் வில்கமுவப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கழுத்தில் குழாயோடு பேருந்தில் கிளினிக்குக்குப் போய்வருபவர்கள் இங்கே அரிதல்ல.

இரண்டாவது குடல். குடலில் வாழும் நல்ல பற்றீரியாக்கள்தான் கன்டிடாவை அடக்கி வைத்திருக்கின்றன. அன்டிபயோட்டிக் மருந்துகள் கெட்ட பற்றீரியாவோடு இந்தக் காவலர்களையும் கொன்றுவிடும். பங்கசை அவை தொடுவதே இல்லை. காலியான இடத்தில் கன்டிடா பெருகும். புற்றுநோய் மருந்து குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும்போதோ, வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின்போ, அங்கிருந்து அது குருதிக்குள் கசிகிறது.

மூன்றாவது நமது நிர்ப்பீடனம். புற்றுநோய் மருந்தால் வெண்குருதிக் கலங்கள் குறைந்தவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள், நீண்ட காலம் ஸ்டீரொயிட் எடுப்பவர்கள், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் ஆகியோரிடம் பங்கசைப் பிடிக்கக் காவலர் போதாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவருக்கு இந்த மூன்று கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடும்.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை? நமது அயல் நாடான இந்தியாவில், 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சண்டிகார் நகரின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் அருணலோக் சக்கரவர்த்தியின் தலைமையில் நடந்த அந்த ஆய்வில், அப்பிரிவுகளில் இருக்கும்போதே குருதியில் கன்டிடா தொற்றிய 1,400 பேர் கணக்கிடப்பட்டார்கள். அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு 1,000 பேரில் ஆறு, ஏழு பேருக்கு இது ஏற்பட்டது. அவர்களில் பாதிப்பேருக்கு முதல் எட்டு நாட்களுக்குள்ளேயே தொற்று வந்துவிட்டது. 30 நாட்களுக்குள் 100 பேரில் ஏறத்தாழ 45 பேர் இறந்தார்கள். ஏற்கனவே கடும் நோயாளிகளாக இருந்தவர்கள் என்பதால் எல்லா மரணங்களும் பங்கசினால் வந்தவை என்று சொல்ல முடியாது. ஆனாலும் இது சிறிய எண்ணிக்கை அல்ல.

அதே நிறுவனத்தில் அதற்கு முன்பு நடந்த ஒன்று நமக்கு இன்னும் முக்கியமானது. 1996 ஏப்ரல் முதல் 1998 பெப்ரவரி வரை, அங்குள்ள குழந்தைகள் பிரிவில் 379 பச்சிளங் குழந்தைகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் பிகியா அனோமலா என்ற அரிதான மதுவம் குருதியில் தொற்றியது. அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தார்கள். பிள்ளைகளைப் பராமரித்தவர்களின் கைகளில் அது இருந்தது. அன்போடு தூக்கிய கைகள், மருந்து ஏற்றிய கைகள். கை கழுவும் பழக்கத்தைச் சரியாகக் கற்பித்து, ஆபத்தான நிலையிலிருந்த குழந்தைகளுக்குப் பங்கசு எதிர்ப்பு மருந்தை முன்கூட்டியே கொடுத்த பிறகுதான் அது அடங்கியது. சவர்க்காரமும் தண்ணீரும் எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நமது நாட்டிலும் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கொழும்பில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு விறைக்கச் செய்து சிசேரியன் செய்துகொண்ட தாய்மார் சிலருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. காரணம் அஸ்பர்கில்லஸ் என்ற பூஞ்சணம். உயிரிழப்புகளும் ஏற்பட்டன. ஆராய்ந்தபோது, சுனாமிக்குப் பின்னர் வந்து வெக்கையும் ஈரமுமான களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்த சிரிஞ்சுகளின் மீது சந்தேகம் விழுந்தது. பாவிக்காத சிரிஞ்சிலேயே அந்தப் பங்கசு வளர்ந்தது. அது குருதித் தொற்று அல்ல. அந்தத் தாய்மார் நிர்ப்பீடனம் குறைந்தவர்களும் அல்ல. உடலின் காவலைத் தாண்டி ஓர் ஊசி உள்ளே போகும்போது, ஆரோக்கியமானவருக்கும் பங்கசு எமனாகலாம் என்பதை அது காட்டியது. மருத்துவப் பொருட்களை உலர்ந்த, குளிர்ச்சியான இடத்தில் வைப்பது வெறும் களஞ்சிய வேலை அல்ல. நன்கொடையாக மருத்துவப் பொருள் அனுப்பும் சங்கங்கள், நம்முடைய சங்கம் உட்பட, இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இப்போது புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். கன்டிடா ஒரிஸ் என்று பெயர். ஒரிஸ் என்றால் இலத்தீன் மொழியில் காது. ஜப்பானில் 70 வயதுப் பெண்மணி ஒருவரின் காதிலிருந்து எடுத்த மாதிரியில் கண்டு, 2009இல் பெயரிட்டார்கள். பத்தாண்டுக்குள் அது பல கண்டங்களின் வைத்தியசாலைகளில் தலைகாட்டியது. நமது பிராந்தியத்துக்கென்றே தெற்காசிய வகை ஒன்றும் இருக்கிறது. 2021இல் அந்தமான் தீவுகளின் கடற்கரை மணலிலும் உவர் சதுப்பிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். பூமி வெப்பமாவதால் சூட்டைத் தாங்கப் பழகிய பங்கசு இது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது இன்னும் ஒரு கருதுகோள்தான். பொதுவாகப் பாவிக்கும் புளூக்கொனசோல் மருந்துக்கு இது பெரும்பாலும் அடங்காது. சாதாரண ஆய்வுகூட முறைகளில் வேறொரு கன்டிடா என்று தவறாக அடையாளம் காணப்படவும் கூடும். கட்டில் விளிம்பிலும் கருவிகளிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் 2015 முதல் 2017 வரை 70 நோயாளிகளிடம் இது பரவியது. அக்குளில் வைத்து வெப்பம் அளக்கும், மீண்டும் மீண்டும் பாவிக்கும் ஒரு சிறு கருவிதான் முக்கிய வழியாக இருந்தது. அதை அகற்றியதும் பரவல் அடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2022 ஒக்டோபரில் முதன்முறையாக ஆபத்தான பங்கசுகளின் பட்டியலை வெளியிட்டபோது, மொத்தம் 19இல் மிக அவசரமானவையாகக் குறித்த நான்கில் இதுவும் ஒன்று.

குருதியில் பங்கசு இருப்பதைக் கண்டுபிடிப்பது இலகு அல்ல. அறிகுறி வெறும் காய்ச்சலும் குளிரும் நடுக்கமுந்தான். பற்றீரியாத் தொற்றுக்கும் அதே அறிகுறிதான். அன்டிபயோட்டிக் கொடுத்தும் காய்ச்சல் விடாதபோதுதான் பல வேளைகளில் சந்தேகமே வருகிறது. குருதியை எடுத்து வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு ஓரிரு நாள் பிடிக்கும். ஆழமாகப் பரவிய கன்டிடாத் தொற்றில் ஏறத்தாழ பாதியை அந்தப் பரிசோதனை தவறவிட்டுவிடும். ஆனால் நேரமோ காத்திருப்பதில்லை. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், குருதி மாதிரி எடுத்த அன்றே மருந்து தொடங்கியவர்களில் 100க்கு 15 பேர் இறந்தார்கள். மூன்றாம் நாளோ அதற்குப் பின்போ தொடங்கியவர்களில் 41 பேர் இறந்தார்கள். அதனால்தான் சில வேளைகளில் முடிவு வருமுன்பே மருத்துவர்கள் பங்கசு மருந்தைத் தொடங்குகிறார்கள். பொருத்தமான இடங்களில் குழாயையும் அகற்றிவிடுகிறார்கள். குருதி சுத்தமாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் இரண்டு வாரமாவது மருந்தைத் தொடர்கிறார்கள். பங்கசு கண்ணுக்குள் போயிருக்கலாம் என்பதால் கண் மருத்துவரிடமும் அனுப்புகிறார்கள். "சுகமாயிட்டாங்களே, ஏன் இன்னும் வச்சிருக்காங்க?" என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. காரணம் இதுதான். பங்கசுகளை நுணுக்கமாக இனங்காணப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் தனிப்பிரிவு இருக்கிறது.

பெண்கள் பாடசாலையின் விழா இது என்பதால் இரண்டு பெண்களின் கதையையும் சொல்ல வேண்டும். மனிதருக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய முதலாவது பங்கசு எதிர்ப்பு மருந்து நிஸ்டட்டின். அதைக் கண்டுபிடித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் புலர் பிரவுன் என்ற இருவர். நியூயோர்க் மாநில சுகாதாரத் திணைக்களத்தில் வேலை செய்தவர்கள். ஹேசன் நியூயோர்க் நகரத்தில், பிரவுன் அல்பனி நகரத்தில். ஹேசன் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்துப் போத்தல்களில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்துத் தபாலில் திருப்பி அனுப்புவார். வேர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களுடைய மாட்டுப் பண்ணை மண்ணில்தான் கடைசியில் அந்த நுண்ணுயிர் கிடைத்தது. 1950இல் உலகுக்கு அறிவித்தார்கள். மாநிலத்தின் பெயரையே மருந்துக்கும் வைத்தார்கள். அதன் உரிமத் தொகையாக வந்த 13 மில்லியன் டொலருக்கும் அதிகமான பணத்தில் தமக்கென ஒரு சதமும் எடுக்காமல் அறிவியல் ஆய்வுக்கே கொடுத்தார்கள்.

அந்த இருவரில் ஹேசன் சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தவர். பிரவுனின் குடும்பத்துக்கு அவரைப் பல்கலைக்கழகம் அனுப்ப வசதியில்லை. குடும்ப நண்பரான ஒரு பெண்மணிதான் செலவை ஏற்றுக்கொண்டார். ஒரு பெண்பிள்ளையின் படிப்புக்கு யாரோ ஒருவர் கொடுத்த பணம், எத்தனையோ குழந்தைகளின் வாய்ப்புண்ணை ஆற்றிய மருந்தாக மாறியது. நமது சங்கம் புலமைப்பரிசில் கொடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விடயத்தை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிஸ்டட்டின் குடலிலிருந்து குருதிக்குள் உறிஞ்சப்படுவதில்லை. வாயிலும் குடலிலும் உள்ள பங்கசை அடக்க அது உதவும். குருதியில் கலந்துவிட்ட பங்கசுக்கு வேறு மருந்துகள் வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஐந்து விடயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, காய்ச்சல். புற்றுநோய் மருந்து ஏற்றியவருக்குப் பொதுவாக 7 முதல் 14 நாட்களுக்குள் வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைவாக இருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், அது நள்ளிரவானாலும் பெருநாளானாலும், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இறங்கிவிடும், நோய் இறங்காது. வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். கிளினிக் கொப்பியையும் மறக்காமல் கொண்டுபோங்கள். வாசலில் நிற்கும்போதே "புற்றுநோய் மருந்து ஏற்றியவர்" என்று சொல்லுங்கள். இப்படிப்பட்டவரை வரிசையில் காக்க வைக்கக் கூடாது.

இரண்டாவது, குழாய். குழாய் இருக்கும் இடம் சிவந்தாலோ, வலித்தாலோ, நீர் கசிந்தாலோ, அதன் வழியாக மருந்து ஏற்றியவுடன் நடுக்கம் வந்தாலோ அன்றே காட்டுங்கள். கட்டை நனைக்காதீர்கள், வீட்டில் அவிழ்த்துப் பார்க்காதீர்கள். வாட்டில் இருக்கும்போது "இந்தக் குழாய் இன்னும் தேவையா, டொக்டர்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

மூன்றாவது, கை. நோயாளியைத் தொடுமுன்பும் தொட்ட பின்பும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பார்க்க வருபவர்களிடமும் சொல்லுங்கள். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். நீங்கள் முதலில் கழுவினால் அவரும் கழுவுவார்.

நான்காவது, அன்டிபயோட்டிக். தடிமலுக்கும் சாதாரண இருமலுக்கும் பாமசியில் கேட்டு வாங்கிக் குடிக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தங்கைமாரே, சொக்லேட்டோடு அன்டிபயோட்டிக் பெட்டிகளையும் கொண்டுவந்து சொந்தக்காரருக்குப் பங்கிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. சொக்லேட் மட்டும் போதும்.

ஐந்தாவது, ஸ்டீரொயிட். முழங்கால் வலிக்கு, இழுப்புக்கு, ஊறலுக்கு என்று பெயர் தெரியாத மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கும் தாய்மாரை நான் அடிக்கடி காண்கிறேன். "அது குடிச்சா உடனே சுகம் டொக்டர்" என்பார்கள். அவற்றில் சில ஸ்டீரொயிட். நிர்ப்பீடனத்தையும் குறைக்கும், சீனியையும் கூட்டும். ஆனால் தயவுசெய்து என் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் எடுத்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சொல்லும் அளவில் தொடருங்கள். யாரும் எழுதிக் கொடுக்காததாக இருந்தால், மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம்மில் தாதியராக இருப்பவர்கள் பலர். மாத்தளையிலும் கண்டியிலும், இலண்டனிலும் டொரொன்டோவிலும் இன்றிரவும் யாரோ ஒரு தங்கை கடமையில் இருப்பாள். குழாயின் மூடியைக் கிருமிநீக்கித் துணியால் தேய்த்துக் காயவிடும் அந்தச் சில நொடிகளை யாரும் பாராட்டுவதில்லை. பல நோயாளிகளின் உயிர் அந்த நொடிகளில் தங்கியிருக்கிறது. இந்த மேடையிலிருந்து அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

கடைசியாக, சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் போதுமான தண்ணீர்க் குழாய்களும், தீர்ந்துபோகாத சவர்க்காரமும் கிடைக்க வழி செய்யுங்கள். ஆறு வயதில் பழகிய கை அறுபது வயதிலும் கழுவும். மற்றது, நமது ஊரில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இரவில் காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்குப் போக வாகனக் கூலி தரும் ஒரு சிறு நிதி. ஏ-9 வீதியில் பகலில் பேருந்துக்குக் குறைவில்லை. இரவு பதினொரு மணிக்குத் தோட்டத்து லயத்திலிருந்து வீதிக்கு வருவதே பெரும்பாடு. மேலே சொன்ன 15க்கும் 41க்கும் இடையிலுள்ள வித்தியாசம், இங்கே பல வேளைகளில் ஒரு முச்சக்கர வண்டிக் கூலிதான். அந்த நிதிக்கு முதல் தொகையை நானும் என் வகுப்புத் தோழியரும் இன்று பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம். மற்ற வகுப்புகளும் சேர்ந்துகொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.